கடைசிக் கதவுக்கு முன்னால்

பாலிகா பஜாருக்கு எத்தனை வாசல் என்று
நானும் பரிதியும் எண்ணி முடித்ததே இல்லை.
எதில் இறங்கினாலும் வேறொன்றில்தான் ஏறுவோம்.
கனாட் பிளேஸ் அதற்குள்
கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

மேலே ஜனவரிப் பனி. கீழே பெல்ட், கைக்கடிகாரம்,
ஈரக் கம்பளியின் வாடை,
மஃப்ளர் சுற்றிய குல்ஷன் அங்கிள்.
"ஐந்தாம் பாகம் வந்துவிட்டதா?"
"ஏழே வந்தாச்சு. நீ எங்கே இருக்கிறாய்?"
நூற்று நாற்பது ரூபாய். ஜெராக்ஸ் அட்டை.
கியாரண்டி உண்டா என்றதற்கு
மேலே கையைக் காட்டினார்.
கடவுளையா, கூரையில் ஒழுகும் குழாயையா,
தெரியவில்லை.

அறுபது மணி நேரம்.
சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில்
அப்பா செய்தி பார்க்காத நேரங்களைச்
சேர்த்துச் சேர்த்து அறுபது.
நான் ஆட, பரிதி வரைபடம் போட,
அமைச்சகத் தாள்களின் பின்பக்கமெல்லாம் நிலவறை.

கடைசிக் கோட்டை எல்லாப் பாகத்திலும் ஒன்றுதான்.
சுவர் ஊதாவாகும். இசையில் மணி சேரும்.
முதல் ஊரில் கொன்ற பூதம்
வேறு நிறம் பூசிக்கொண்டு வரும்,
யாருக்கும் அடையாளம் தெரியாதென்ற நம்பிக்கையில்.
அப்புறம் அந்தக் கதவு.
கதவுக்கு முன்னால்
ஒரு கடை.

யார் இவன்?
வாளும் மந்திரமுமாக நாலு பேர்
பதினாறு தளம் செத்துப் பிழைத்து வந்த இடத்துக்கு
மருந்துக் குப்பிகளோடு எப்படி வந்தான்?
உலகம் அழிய ஒரு கதவுதான் பாக்கி.
பத்துப் பைசா குறைக்கவில்லை.
அதுவும் போக, நம் பழைய வாளைப்
பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறான்.
யாருக்கு விற்பான்?

அங்கேதான் டிஸ்க் நின்றது.
கதவு திறக்கத் தொடங்கி, திறக்காமல்.
பற்பசை தடவினோம். வாழைப்பழத் தோலால் துடைத்தோம்.
பிளேஸ்டேஷனைக் கவிழ்த்துப் போட்டும் ஓட்டினோம்.
மறுபடி படியிறங்கிப் போனோம்.
குல்ஷன் அங்கிள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
"அவ்வளவு தூரம் யாரும் போனதில்லை, பேட்டா.
பாதியிலேயே அடுத்த பாகம் வாங்க வந்துவிடுவார்கள்."
பிறகு, மெதுவாக,
"பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளட்டுமா?"

விற்கவில்லை.
இப்போது அது எங்கே என்றும் தெரியவில்லை.

முனிர்க்காவில் மூன்றாம் மாடி. எனக்கு முப்பத்தெட்டு.
பதின்மூன்றாம் பாகத்துக்கு டிஸ்க் கிடையாது,
ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக இறங்கிற்று.
மணி இரண்டு. காவலாளி தடியால்
தெருவைத் தட்டிக்கொண்டு போகிறான்.
டொரொன்டோவில் இன்னும் பகல்.
போனைத் திரைக்கு நேராகச் சாய்த்து வைத்திருக்கிறேன்,
பரிதி பார்க்க.
ஊதாச் சுவர். மணி. பழைய பூதம்.
கதவுக்கு முன்னால் அவன்.
"அக்கா, மஃப்ளர் போட்டிருக்கான் பார்."

தொண்ணூற்றொன்பது குப்பி வாங்கினேன்.
ஒன்றையும் குடிக்கமாட்டேன், எனக்கே தெரியும்,
இன்னும் மோசமான நாளுக்கென்று
பத்திரமாக வைத்துக்கொண்டே செத்துப்போகிறவள் நான்.

மூன்றாவது முறையில் ஜெயித்தேன்.
உலகம் பிழைத்தது. விடிந்தது. பெயர்கள் ஓடின,
விளையாட்டைச் செய்த வருடங்களில் பிறந்த
குழந்தைகளின் பெயர்கள் வரைக்கும்.

"அப்புறம்?" என்றான்.

அப்புறம் ஒன்றுமில்லை.
மறுபடி திறந்தால்
கதவுக்கு இந்தப் பக்கம்தான் நிறுத்துகிறது.
காப்பாற்றிய உலகத்துக்குள் போய்
ஒரு டீ குடிக்க
எந்தப் பாகமும் வழி வைக்கவில்லை.

அவன் மட்டும் நின்றுகொண்டிருக்கிறான்.
ஜெயித்தது அவனுக்குத் தெரியாது.
கேட்கிறான்:
வாங்கவா, விற்கவா?

போனுக்குள்ளிருந்து பரிதி,
பதினொரு வயசுக் குரலில்,
"ஏழாம் பாகம் இருக்கான்னு
கேட்டுப் பார்."